ஜன்னல் எந்தப் பக்கம்

புரோக்கர் நாச்சிமுத்து பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்த வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவதென்று வசந்தாமணி முடிவு கட்டிவிட்டாள். தரைத்தளம், படியேற வேண்டியதில்லை, பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம், ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் சிறுவாணிக் குடிதண்ணி, வாடகைக்கு இருக்கிற ஒரு மனுஷி இதற்கு மேல் என்ன கேட்டுவிடப் போகிறாள், அதுவும் முழங்கால் ரெண்டும் தேய்ந்துபோன மனுஷி. கணபதி ஏரியாவில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடியிருக்கும் லைன் வீட்டை ஓனருடைய மகன் இடித்துக் கட்டப் போகிறான். ஆனி முடிவதற்குள் எங்கேயாவது பால் காய்ச்சியாக வேண்டும், ஆடி பிறந்துவிட்டால் யாராவது குடி போவார்களா, இதெல்லாம் தெரிந்தும் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர் போல நிற்கிறாரே இந்த மனுஷன், வெள்ளிங்கிரி, அவளுக்குத் தாலி கட்டியவர், அவர்தான் பார்த்த வீட்டையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டு வருகிறார். தண்ணீரைப் பற்றிக் கேட்கமாட்டார், அட்வான்ஸைப் பற்றிக் கேட்கமாட்டார், உள்ளே காலை வைத்ததும் ஒரே கேள்விதான், "ஜன்னல் எந்தப் பக்கமுங்க?" வடக்கே என்றால் உதட்டைப் பிதுக்குவார், பக்கத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல் என்றால் அப்படியே திரும்பி வாசலுக்கு வந்துவிடுவார். பீளமேட்டில் எத்தனை நல்ல வீடு. பூஜை அறை தனியாக இருந்தது. அதுவும் போச்சு. நேற்று சோறு போடும்போது அவளுக்குப் பொறுக்கவில்லை, "வெளிச்சத்தைப் பொங்கித் திங்க முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். சண்டை போடாத ஆளோடு வாழ்வது போல ஒரு கஷ்டம் உலகத்தில் இல்லை. சுவரில் பந்தடித்தால்கூடத் திரும்பி வரும்.

"வாங்கம்மா, செருப்போடயே வாங்க," என்றான் நாச்சிமுத்து. கதவு திறந்ததும் உள்ளிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனையும் ஒரு குளிர்ச்சியும் வந்து முகத்தில் பட்டது. "பாத்தீங்களா, ஏசி போட்டாப்பல இல்லீங்க? முன்னால ஒரு பில்டிங், பின்னால ஒரு பில்டிங், ரெண்டு பக்கமும் காம்பவுண்டுச் செவுரு. வெயிலு உள்ள எட்டியே பாக்காது. சித்திரை மாசத்துலகூட போர்வை கேக்குமுங்க." வெயிலிலிருந்து வந்தவளுக்கு முதலில் ஒன்றும் புலப்படவில்லை. கொஞ்சம் நின்றாள். சுவர் தெரிந்தது, சுவரில் யாரோ மாட்டியிருந்த காலண்டரின் வெள்ளைச் சதுரம் தெரிந்தது, ஹாலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம், இந்தப் பக்கம் சமையற்கட்டு, கண் பழகிவிட்டது. முன்பு இருந்தவர்கள் பல்பைக்கூட விடாமல் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நாச்சிமுத்து சொன்னான், நாலு டியூப்லைட் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்றான். பகல் மூன்று மணிக்கு டியூப்லைட். ஆனால் குளிர்ச்சி நன்றாகத்தான் இருந்தது. லைன் வீட்டு அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் வெந்து தணிந்த உடம்புக்கு இது சொர்க்கம். அவள் நேரே சமையற்கட்டுக்குப் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாள். வெள்ளிங்கிரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார், முதுகில் வெயில், ஒரு கை கதவின் மேல். ஆரம்பித்துவிட்டார், என்று நினைத்தாள்.

மேடை கருப்புக் கிரானைட், கையால் தடவினால் வழுவழுவென்று இருந்தது, கிரைண்டர் வைக்க மூலையில் இடம், மேலே சாமான் போட இரண்டு தட்டு, பாத்திரம் கழுவ நின்றுகொண்டே கழுவுகிற தொட்டி. குந்தி உட்கார்ந்து கழுவி எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியதில்லை இனி. அரிசி டப்பா இங்கே, பருப்பு டப்பா இங்கே, எண்ணெய்த் தூக்கு அடுப்புக்கு எட்டுகிற மாதிரி, அவள் மனசுக்குள் குடி வந்துவிட்டாள். அவர் எங்கே உட்காருவார்? அதுதான் தெரியவில்லை. லைன் வீட்டில் அவருக்கு வீட்டுக்குள் இடமே கிடையாது, அவராக எடுத்துக்கொள்ளவில்லை. விடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும், காலையில் முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம், சாயங்காலம் தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம். காய்கூட அங்கேயே உட்கார்ந்துதான் நறுக்கித் தருவார். "உங்க வீட்டுக்காரரு காவல் காக்கறாரா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது சிரித்தாலும் உள்ளே சுருக்கென்றது. ஒரு கூரைக்குக் கீழே தன்னோடு இருக்கப் பிடிக்கவில்லை, வேறென்ன. பொழுது சாய்ந்தபிறகு உள்ளே வருவார், வந்ததும் இருக்கிற லைட்டையெல்லாம் போடுவார், ரூமில், சமையற்கட்டில், பாத்ரூமில், கல்யாண மண்டபம் மாதிரி. அவள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைப்பாள். மறுபடி போடுவார். மறுபடி அணைப்பாள். பேச்சே இல்லாமல் ஸ்விட்ச்சிலேயே ஒரு சண்டை, வருஷக்கணக்காக. கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். அணைத்தால் அணைத்த இடத்திலேயே கட்டிலில் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார், தண்ணீர் வேண்டுமென்றால்கூட "வசந்தா, ஒரு சொம்பு தண்ணி" என்று குரல்தான் வரும். சட்டமாக உட்கார்ந்து வேலை வாங்குகிறாரே என்று டங்கென்று வைத்துவிட்டு வருவாள். சாயங்கால ரிசப்ஷனுக்கு வரமாட்டார், முகூர்த்தத்துக்குத் தனியாகக் காலையில் போய்வருவார், சினிமாவுக்கு ஒருதரம் கூட்டிப் போய் இண்டர்வெல்லில் வெளியே போனவர் உள்ளே திரும்பி வராமலே டீக்கடையில் நின்றிருந்தார். சொந்தக்காரர்கள் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? "அவரு ஒரு மாதிரிங்க." அது போதும், எல்லோருக்கும் தெரிந்த கதைதானே, பேய் பார்த்த ஆள்.

அந்தக் கதையை அவளுடைய அண்ணன் துரைசாமி சொல்லிக் கேட்க வேண்டும். வெள்ளிங்கிரி அப்போது கவர்மெண்ட் பஸ் டிரைவர், தாராபுரம் ரூட். காக்கிச் சட்டையும் பேட்ஜும், ஸ்டீரிங்கைப் பிடித்தால் அவரைப் போல ஆள் இல்லை என்று பேர். கடைசி டிரிப்பில், புளியமரங்கள் இரண்டு பக்கமும் கவிந்த ஒரு இடத்தில், எதிரே ஒரு லாரி கடந்துபோனதும், நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். நிறுத்தியவர் எடுக்கவே இல்லை. ஜனங்கள் கத்துகிறார்கள், கண்டக்டர் வந்து தோளை உலுக்குகிறார், இவர் ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேர்த்து ஒழுக உட்கார்ந்திருக்கிறார். "யாரோ குறுக்க வந்தாப்பல இருந்துது" என்று மட்டும் சொன்னாராம். யாரும் வரவில்லை. ரோடு காலி. வேறொரு டிரைவர் வந்துதான் வண்டியை எடுத்துப் போனார். துரைசாமி அண்ணன் இதைச் சொல்லும்போது எழுந்து நின்று ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்துக் காட்டுவார், வெள்ளைச் சேலை, கொலுசு என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும். மகள் சுகந்தி கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். வெள்ளிங்கிரியும் சிரித்தார். அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை, எழுதிக் கொடுத்து டிப்போவுக்குள்ளேயே டீசல் பிடிக்கிற இடத்தில் வேலை வாங்கிக்கொண்டார். சட்டையில் டீசல் நாற்றம், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஆனைமலைக்குக் கூட்டிப் போய் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள், கையை நீட்டி ஒழுங்காகக் கட்டிக்கொண்டார். ஒருநாள் கோபத்தில், சுகந்தி முன்னால், அவள் சொன்னாள், "ஆம்பளையாப் பொறந்து ரோட்டுக்குப் பயந்துட்டு டீசல் ஊத்திட்டு நிக்கறீங்களே, வெக்கமா இல்ல?" அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஏன் இதெல்லாம் இப்போது ஞாபகம் வருகிறது, வீடு பார்க்க வந்த இடத்தில். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அவள் நினைத்ததை நாச்சிமுத்துவே செய்தான். வெள்ளிங்கிரிக்கு ரூமைக் காட்டிக்கொண்டிருந்தவன் சத்தமில்லாமல் சமையற்கட்டுக்கு வந்து, "பாருங்கம்மா பிரஷரை" என்று குழாயைத் திறந்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றான். தண்ணீர் பாய்ந்தது. மூடினான். அந்த நேரத்தில்தான் ரூமுக்குள்ளிருந்து வெள்ளிங்கிரியின் குரல் வந்தது. "ஏனுங்க நாச்சிமுத்து, இந்த ரூமுக்கு ஜன்னலே இல்லீங்களா?" சமையற்கட்டு வாசல் வழியாக ரூம் நேராகத் தெரிந்தது. வெள்ளிங்கிரி ரூமில் சுவரோரமாக நின்றிருந்தார். ஒரு கை பின்னால் போய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் மட்டும் மூலையைப் பார்த்திருந்தது, அந்த மூலையில் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன தண்ணீர் டிரம் ஒன்று, அதன்மேல் கோணிச்சாக்கு போட்டு, ஓர் ஆள் உயரத்துக்கு. அவர் அந்த டிரம்மைப் பார்த்து, வெளியாட்களிடம் பேசும்போது வருகிற அந்த மரியாதைச் சிரிப்போடு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார். நாச்சிமுத்து வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்தான். "உங்களத்தானுங்க கேக்கறேன்," என்றார் வெள்ளிங்கிரி டிரம்மிடம். "நான் இங்க இருக்கேனுங்க," என்று நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னான். சட்டென்று அவர் திரும்பினார், சிரித்தார், "அட, காலி ரூமுங்களா, குரல் எங்கிருந்து வருதுன்னே தெரிய மாட்டீங்குது." எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பதில். அதுதான் அவளை உலுக்கியது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. கையிலேயே வைத்திருந்து எடுத்து நீட்டியது போல இருந்தது. இப்படி எத்தனை பதில் வைத்திருக்கிறார்? சொம்பைத் தட்டிவிட்டால் கை வழுக்கிவிட்டது என்பார், வாசற்படியில் இடித்துக்கொண்டால் செருப்பு வார் லூசு என்பார், தெருவில் எதிரே வந்த சம்பந்தியைப் பார்க்காமல் போனதற்கு ஏதோ யோசனை என்றார். அவள் நம்பினாள். நம்பினாள் என்பதுகூட இல்லை. கேட்டு வைத்தாள், அவ்வளவுதான்.

கண் தெரியவில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை. இல்லை, தெரிகிறது, வெளியே தெரிகிறது, பஸ் நம்பரை அவள் படிப்பதற்கு முன் அவர் படிக்கிறார், இன்றைக்குக்கூடப் படித்தாரே. வெயிலில் தெரிகிறது. இருட்டில்தான் இல்லை. அவளுக்கு உள்ளே வந்ததும் கண் பழகிவிட்டது, அவருக்குப் பழகவே இல்லை, வந்ததிலிருந்து சுவரோடு சுவராகத்தான் நகர்ந்திருக்கிறார். கிரானைட் மேடையை அவள் பிடித்துக்கொண்டாள், சில்லென்று இருந்தது, இந்தச் சில்லிப்பைத்தான் இத்தனை நேரம் நல்லது என்று நினைத்தாள். புளியமரங்கள். எதிரே லாரி, ஹெட்லைட், கடந்து போனதும் முழு இருட்டு. பேய் இல்லை, ஒன்றுமே இல்லை, அதுதான். ரோடே இல்லாமல் போயிருக்கிறது அவருக்கு, பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள், அவர் காலை பிரேக்கில் வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர் சிரித்தது. அவர் சேர்ந்து சிரித்தார். கயிறு கட்டிக்கொண்டார். லைட்டைப் போட்டார், அவள் அணைத்தாள், போட்டார், அணைத்தாள், தினமும் தன் கையாலேயே அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிட்டு, தண்ணீர் கேட்டால் டங்கென்று. அப்புறம் அது. அதை நினைக்கக் கூடாது என்றுதான் மனசு வேறு எங்கெங்கோ ஓடியது, அதுவே வந்து நின்றது. போன தீபாவளிக்கு சுகந்தி குழந்தையோடு வந்திருந்தாள். பொழுது மங்குகிற நேரம், குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது, வெள்ளிங்கிரி வாசலிலிருந்து உள்ளே வந்தார், குழந்தையின் கைவிரல்கள் மேல் காலை வைத்துவிட்டார். அலறல். சுகந்தி ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "அப்பா, கண்ணு தெரியலையா உங்களுக்கு!" என்று கத்தினாள். எல்லோரும் கோபத்தில் கேட்கிற கேள்விதான், யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். அன்றிலிருந்து அவர்கள் ஊருக்குப் போகும்வரை, பொழுது சாய்ந்தால் அவர் குழந்தை இருக்கிற பக்கமே வரவில்லை. பேரனைத் தூக்கிக் கொஞ்சத் தெரியாத மனுஷன் என்று சுகந்தி போனில் சொன்னாள். வசந்தாமணி அதற்கும் ஆமாம் என்றாள். ஒருத்தர் எதிரிலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் போயிருக்கிறார், அவள் பருப்பு டப்பாவை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரூமிலிருந்து ஹாலுக்கு ஒரு படி இறங்க வேண்டும். அவர் அதை நோக்கி வந்துகொண்டிருந்தார், வலது கால் தரையைத் தொட்டுத் தொட்டுத் தேடியது. அவள் வேகமாகப் போனாள். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, புரோக்கர் முன்னால் கையைப் பிடிக்கலாமா, கல்யாணப் பந்தலில் பிடித்ததற்குப் பிறகு யார் முன்னாலும் அவர் கையை அவள் பிடித்ததில்லையே. "ஏனுங்க," என்றாள், "ஒரு படி எறங்குது. பாத்து." கால் அப்படியே நின்றது. அவர் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. படி இருக்கிறது என்று அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "தெரியுது," என்றார். ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. நாச்சிமுத்துவுக்குக் கேட்காத குரலில், "தெரியல வசந்தா," என்றார். அவள் முழங்கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்த பலம் அவளைத் திடுக்கிட வைத்தது. ஹாலைத் தாண்டி வாசலுக்கு வந்து வெயிலில் நின்றதும்தான் அவர் கையை விட்டார். நாச்சிமுத்து பின்னாலேயே வந்து, "அம்மா, அப்ப அட்வான்ஸு..." என்று இழுத்தான். "இந்த வூடு வேண்டாமுங்க," என்றாள் அவள். "எனக்கு இருட்டு ஆகாது." நாச்சிமுத்து ஆச்சரியப்பட்டான். "நீங்கதானம்மா போன்ல, குளுகுளுன்னு இருக்கோணும், கீழ இருக்கோணும்னீங்க?" "அப்படித்தான் சொன்னேன். இப்ப வேண்டாங்கறேன். வெயில் வர்ற வூடா இருந்தா காட்டுங்க." அவன் தலையைச் சொறிந்தான். அடுத்த வீதியில் ஒன்று இருக்கிறது, மூன்றாவது மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே, நாலு பக்கமும் வெயில், லிஃப்ட் கிடையாது, யாருமே எடுக்கமாட்டேன் என்கிறார்கள், என்றான். சாவி வாங்கிவர ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

ரோட்டோரம் நிழல் இல்லாத இடத்தில் இருவரும் நின்றார்கள். அவர்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார், அது ஏன் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது, அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு தண்ணீர் லாரி போனது. "எப்பருந்துங்க?" என்று கேட்டாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தாராபுரம் ரூட்டுல ஓட்டறப்பவே. முதல்ல மசங்கலாத்தான் இருந்துது. அன்னிக்கு அந்த லாரி போனதும் சுத்தமா ஒண்ணுமே இல்லாமப் போயிருச்சு. மறுநாளே கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன்." "தனியாவா?" "தனியாத்தான். டாக்டர் குடுத்த சர்டிபிகேட்டை வெச்சுத்தான் டிப்போவுல வேலை மாத்திக் குடுத்தாங்க." அப்படியானால் டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். கண்டக்டருக்குத் தெரியும், கூட நின்று டீசல் போடுகிறவருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும். "எங்கிட்ட மட்டும் என்னத்துக்குங்க மறைச்சீங்க?" பக்கத்தில் போகிற சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். "அப்பத்தான் சுகந்திக்கு ஜாதகம் எடுத்திருந்தோம்," என்றார். "உங்கிட்டச் சொன்னா உங்கண்ணனுக்குத் தெரியும், அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். இது ரத்தத்துல வர்றதுன்னு டாக்டரு சொன்னாரு. எங்கப்பன் பொழுது சாஞ்சா கட்டிலவுட்டு எறங்கமாட்டாரல்ல, அது இதுதான். எவன் பொண்ணெடுப்பான்? பேய்க்குப் பயந்தவன் பொண்ணுன்னா சிரிச்சுட்டுக் கட்டிக்குவாங்க. கண்ணில்லாதவன் பொண்ணுன்னா?" அவள் அவருடைய அப்பாவைப் பற்றி என்னவெல்லாம் பேசியிருக்கிறாள், உட்கார்ந்த இடத்தில் சோறு கேட்கிற கிழம் என்று. "கல்யாணம் முடிஞ்சப்பறமாவது சொல்லியிருக்கலாமுல்ல." "சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பறம் அது பழகிப் போச்சு. நீயும் ஒண்ணும் கேக்கல." குற்றம் சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சுகந்திக்கு இருக்குமா?" என்றாள். "சோதிச்சுப் பாக்கோணும்னாங்க." "பாத்தீங்களா?" அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. "கொழந்தைக்கு?" அவர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். போனில் சுகந்தி சிரித்துக்கொண்டே சொன்னாளே, இவன் ராத்திரியில் தட்டிலிருக்கிற பிஸ்கட்டைத் தேடுகிறான் அம்மா என்று, எல்லாக் குழந்தையும் தேடும், தேடாதா, எந்தக் குழந்தை தேடாது. "நாளைக்கே சுகந்திகிட்டப் பேசோணும்," என்றாள். "ரெண்டு பேரையும் காட்டோணும். நானே சொல்றேன் அவகிட்ட." "சொல்லு," என்றார் வெள்ளிங்கிரி. "நான் சொல்லியிருக்கோணும். நீ சொல்லு." அப்புறம் கேட்க இன்னொன்று இருந்தது, அதைக் கேட்காமலிருக்க முடியவில்லை. "இனி எப்படியாகும்?" "கொஞ்சங் கொஞ்சமாச் சுருங்கும்னாரு. குழாய்க்குள்ள பாக்கறாப்பல. வெயில்ல இன்னும் பரவால்ல. எத்தன நாளைக்குன்னு அவருக்கே தெரியாது. இருக்கறவரைக்கும் வெளிச்சத்துல இருங்கன்னாரு." அதற்குத்தானா. பூஜை அறை தனியாக இருந்த வீட்டையும் வேண்டாமென்று திரும்பியது அதற்குத்தானா.

மூன்று மாடி. முதல் மாடித் திருப்பத்திலேயே அவளுக்கு முழங்காலில் ஊசி குத்த ஆரம்பித்தது. படிக்கட்டுக்குச் சுவர் இல்லை, கம்பிக் கிராதி மட்டும், வெயில் படியெல்லாம் விழுந்து கிடந்தது. வெள்ளிங்கிரி கைப்பிடியைத் தொடாமலே முன்னால் ஏறிப் போய்க்கொண்டிருந்தார், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அவளுக்காகக் காத்திருந்தார். "ரொம்ப வலிக்குதா? வேண்டாம்னா எறங்கிரலாம்," என்றார். "ஏறுங்க," என்றாள். இங்கே சிறுவாணித் தண்ணி மேலே ஏறாது, கீழேயிருந்து குடத்தில் தூக்க வேண்டும் என்று நாச்சிமுத்து உண்மையைச் சொன்னான். அவளுக்குக் காதில் விழவில்லை. விழுந்தது. ஒரு குடம் தண்ணீரும் இந்த முழங்காலும் இந்தப் படிகளும் தினமும் எப்படி என்று மனசு கணக்குப் போட்டது, போடட்டும் என்று விட்டாள். கதவு திறந்ததும் கண் கூசியது. கிழக்கே இரண்டு ஜன்னல், மேற்கே ஒன்று, ஹால் முழுக்க வெயில், வெள்ளைத் தரை அதைத் தூக்கிக் கூரையில் அடித்தது. அனல். இந்த வீட்டில் சித்திரையை எப்படித் தாண்டுவது. சமையற்கட்டு சின்னது, மேடை சிமெண்ட், தட்டு ஒன்றே ஒன்று. அவள் அதைப் பார்க்கப் போகவில்லை, வாசலிலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிங்கிரி ஹாலுக்கு நடுவில் நடந்து போனார். சுவரோரமாக இல்லை, நடுவில், கைகளை வீசிக்கொண்டு. மேற்கு ஜன்னல் வரை போனார், வெளியே எட்டிப் பார்த்தார், ரூமுக்குள் நுழைந்தார், வந்தார், பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்து மூடினார். காக்கிச் சட்டையில் பஸ்ஸைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்க்கிற ஆளின் நடை அது. அந்த நடை எப்போது நின்றது என்று யோசித்தாள், தெரியவில்லை. லைன் வீட்டில் அவர் இப்படி நடந்து எத்தனை வருஷம் இருக்கும், அது நின்றபோது அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வெளிச்சமும் எத்தனை நாளைக்கு? பத்து வருஷத்துக்கு முன்னாலேயே இப்படி ஒரு வீட்டுக்கு வந்திருக்கலாம், முழங்கால் அப்போது நன்றாகத்தான் இருந்தது. நாச்சிமுத்து மொட்டை மாடியைப் பார்க்க மேலே போயிருந்தான். அவள் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள், ஜன்னல் பக்கத்தில் வெயில் கட்டமாக விழுந்திருந்த இடத்தில் நின்றாள். வெள்ளிங்கிரி ஏதோ சொல்லத் திரும்பினார், அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பக்கத்தில் வந்து, தூரத்து போர்டைப் படிப்பவர் போலக் கழுத்தை நீட்டி, அவள் முகத்தையும் தலையையும் மெதுவாகப் பார்த்தார். அப்படி யாரும் அவளைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது, கூச்சமாக இருந்தது, முந்தானையை மறுபடி தலைக்கு இழுக்கலாமா என்று கை தானாக எழும்பியது. அவள் கையைக் கீழே விட்டாள்.

"எப்ப வசந்தா இத்தன நரைச்சுது?" என்றார்.

"இப்பத்தானுங்க," என்றாள் அவள்.